அப்பாவுக்கு, வைட்ஹார்ஸிலிருந்து

வைட்ஹார்ஸ், யூக்கான்
பிப்ரவரி 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? போன ஞாயிற்றுக்கிழமை பேசியதில் பாதி நேரம் "ஹலோ, கேக்குதா" என்பதிலேயே போய்விட்டது. காதுக்கு மெஷின் வாங்கலாம் என்றால் நீங்கள் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. அதனால்தான் கடிதம். தம்பியிடம் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.

பால்பண்ணை மாமா "மக கனடாவுல என்ன வேலை பாக்கா?" என்று கேட்டதற்கு, "ஏதோ கன்சல்டிங்" என்று சமாளித்தீர்களாம். அம்மா சொன்னாள். 31 வருஷம் மின்வாரியத்தில் இருந்த மனுஷன், மகளும் கரண்ட் வேலைதான் பார்க்கிறாள் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் போனது என் தப்புதான். இரண்டு வருஷமாகக் குளிரைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறேன்.

குளிரைப் பற்றி இன்னும் ஒன்றே ஒன்று, அதுவும் உங்களுக்குப் பிடிக்கும் என்பதால். இங்கே ஒவ்வொரு காரின் மூக்கிலிருந்தும் ஒரு பிளக் தொங்கும். நம் வீட்டில் வெந்நீர் போடும் ஹீட்டர் மாதிரி ஒன்று என்ஜினுக்குள் இருக்கிறது. ராத்திரி அதை கரண்டில் சொருகி வைக்காவிட்டால் காலையில் வண்டி அசையாது. ஆபீஸ் வாசலில், கடை வாசலில் எல்லாம் மாட்டைக் கட்டும் முளை மாதிரி வரிசையாகக் கம்பம், கம்பத்தில் பிளக் பாயின்ட். மைனஸ் 38 டிகிரியில் அந்த வயர் கம்பி மாதிரி விறைத்துவிடும். ஒருநாள் சொருகியதை மறந்து வண்டியைக் கிளப்பி, ஐம்பதடி தூரம் வாலை இழுத்துக்கொண்டு போனேன். பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஒரு தடவையாவது செய்திருப்பார்கள் போல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் இந்த யூக்கான் நம் தமிழ்நாட்டைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் பெரியது. ஆனால் மொத்த ஜனம் 50 ஆயிரத்தைத் தாண்டாது. நாகர்கோவிலில் சில வார்டுக்காரர்களை மட்டும் கூட்டி வந்து ஒரு தேசம் முழுக்க இறைத்துவிட்டது போல. இதில் உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கப்போவது இதுதான்: இங்குள்ள கிரிட், அதாவது மின்கம்பிப் பின்னல், வெளியே எதனோடும் சேரவில்லை. தெற்கே இருக்கும் கனடா கிரிட்டோடும் இல்லை, பக்கத்து அலாஸ்காவோடும் இல்லை. பற்றாக்குறை என்றால் பக்கத்து மாநிலத்திலிருந்து வாங்கலாம் என்ற பேச்சே கிடையாது. பெரும்பாலும் நீர்மின்சாரம்தான். ஆனால் குளிர்காலத்தில் ஆறு உறைந்து தண்ணீர் வரத்துக் குறையும் நேரத்தில்தான் வீடு வீடாக ஹீட்டர் ஓடும். தேவை உச்சத்தில், தண்ணீர் அடிமட்டத்தில். அதற்காக ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் டீசல் ஜெனரேட்டர்களை வாடகைக்கு எடுத்து வரிசையாக நிறுத்துகிறார்கள், கல்யாண மண்டபத்தில் நிறுத்துவது போல.

நமக்கு ஆனி, ஆடியில் காற்று. இவர்களுக்குக் குளிர்காலத்தில்தான் நல்ல காற்று. அதனால் கரண்ட் எடுக்கும் காற்றாடி என்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு முகம் மலர்கிறது.

ஊருக்கு மேலே ஹேக்கல் ஹில் என்று ஒரு மலை. என் சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தால் அதன் முதுகு தெரியும். அங்கே 1993-இலேயே 150 கிலோவாட் காற்றாடி ஒன்று வைத்தார்கள். 2000-இல் 660 கிலோவாட்டில் இன்னொன்று. இரண்டுக்கும் எமன் பனிதான். ஆலங்கட்டி மாதிரி மேலிருந்து விழும் பனி இல்லை அப்பா. மேகமே மலையில் வந்து உட்காரும். அதில் உள்ள நீர்த்துளி உறையும் குளிருக்கும் கீழே போயும் உறையாமல் மிதந்துகொண்டிருக்கும். எதையாவது தொட்ட மறுநொடி வெள்ளைக் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். இறக்கையின் முன்விளிம்பில் இப்படிப் பனி ஏறினால் அதன் வடிவமே கெட்டுவிடும், காற்று பிடிக்காது. இறக்கைக்குக் கறுப்புப் பூச்சு பூசிப் பார்த்தார்கள், சூடாக்கும் பட்டை ஒட்டிப் பார்த்தார்கள். நம் முப்பந்தல் காற்றாடிகளில் உப்புக்காற்றும் புழுதியும் இறக்கையைத் தின்கிறது என்று நீங்கள் அலுத்துக்கொள்வீர்களே, அது எவ்வளவோ தேவலை.

இப்போது அதே மலையில் புதிதாக நான்கு காற்றாடி, மொத்தம் 4 மெகாவாட். நம் பக்கத்து ஆள் கேட்டால் சிரிப்பான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒரு திருப்பத்தில் நின்று எண்ணினாலே அதைவிட அதிகம் வரும். ஆனால் இந்த நான்குக்கும் சொந்தக்காரர் யார் என்பதுதான் நான் சொல்ல வந்தது. குவான்லின் டூன் என்ற பூர்வகுடி மக்களின் வணிக நிறுவனம். இந்த வைட்ஹார்ஸ் ஆற்றங்கரையே அவர்களின் பூர்வீக பூமிதான். 1958-இல் இங்கே அணை கட்டியபோது, ஊருக்குப் பெயர் கொடுத்த நீர்ச்சுழிப்பு, வெள்ளைக் குதிரையின் பிடரி மாதிரி நுரைத்துக்கொண்டு ஓடியதாம், தண்ணீருக்குள் போனது. அணைக் கரண்ட் எல்லோருக்கும் வந்தது. அவர்களைக் கேட்டவர் யாரும் இல்லை.

அப்புறம் 1973-இல் எலைஜா ஸ்மித் என்ற பெரியவர் மற்ற தலைவர்களோடு ஒட்டாவாவுக்குப் போய், பிரதமர் பியர் ட்ரூடோவின் கையில் தங்கள் நிலக்கோரிக்கையைக் கொடுத்தார். பொது ஒப்பந்தம் கையெழுத்தாக 1993 ஆகிவிட்டது. குவான்லின் டூன் மக்களின் தனி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2005-இல். 32 வருஷம்! நம்மூர் சிவில் கோர்ட்டே பரவாயில்லை என்று தோன்றும். யூக்கானில் 14 பூர்வகுடிச் சமூகங்கள், அதில் 11-க்கு இப்படி ஒப்பந்தம் இருக்கிறது. ஒப்பந்தம் என்றால் நிலம், பணம், சொந்த அரசு, சட்டம் போடும் உரிமை எல்லாம் சேர்ந்தது.

நான் வேலை பார்க்கும் இடமும் ஒரு பூர்வகுடிப் பெண்மணி நடத்துவதுதான். மொத்தம் ஆறு பேர். காற்றாடியோ சோலாரோ அமைக்க நினைக்கும் சமூகங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது, மானிய விண்ணப்பம் எழுதுவது, பெரிய கம்பெனிக்காரன் நீட்டும் காகிதத்தில் எந்த வரியில் கண்ணி இருக்கிறது என்று காட்டுவது, இதுதான் தொழில். மாமாவிடம் இப்படியே சொல்லுங்கள்: பத்திரம் படிக்கத் தெரிந்த எலெக்ட்ரீஷியன்.

பூர்வகுடி நிறுவனங்களுக்கு டெண்டரில் முன்னுரிமை என்று யூக்கான் அரசு 2021-இல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. அப்படி ஒன்று வந்தால் உடனே என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? பெயர் ஒருத்தருடையது, பணம் வேறொருத்தருடையது என்று கூட்டாளி தேடிக்கொண்டு வருகிறார்கள். போன வருஷம் எங்கள் ஆபீசுக்கே ஒருவர் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். அவர் போனதும் முதலாளியம்மாவிடம் எங்கள் ஊரில் இதற்கு ஒரு சொல் உண்டு என்று "பினாமி"யைச் சொன்னேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போது ஆபீசில் எல்லோருமே "பினாமி, பினாமி" என்கிறார்கள்.

முதல் ஊர்க்கூட்டத்தில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். 42 ஸ்லைடு தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஆறு மணிக்குக் கூட்டம், ஆறு மணிக்கே ஆரம்பித்தும் விட்டேன். ஹாலில் மூஸ் மான் சூப் கொதிக்கிறது, வாணலியில் பானக் ரொட்டி பொரிகிறது, யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதலாளியம்மா மெல்ல வந்து லேப்டாப்பை மூடினார். "முதலில் பெரியவர்களுக்குத் தட்டு எடுத்துக் கொடு" என்றார். பந்தியில் உட்காரும் முன் பேச ஆரம்பித்த கதை. வெட்கமாகப் போய்விட்டது. சாப்பாடு முடிந்து, பிரார்த்தனை முடிந்து, எட்டு மணிக்கு ஓர் ஆச்சி கேட்டார்: "இந்தக் காற்றாடி கெட்டுப்போனால் யார் கழற்றிக்கொண்டு போவார்கள்?" 42 ஸ்லைடில் அதற்குப் பதில் இல்லை. எனக்கு முப்பந்தலில் இறக்கை உடைந்து அப்படியே நிற்குமே அந்தப் பழைய காற்றாடிகள்தான் கண்முன் வந்தன.

போன ஜூனில் ஓல்ட் க்ரோ போனேன். துருவ வட்டத்துக்கும் வடக்கே, வுன்டுட் குவிச்சின் மக்களின் ஊர். 250 பேர் இருந்தால் அதிகம். ரோடு கிடையாது. அரிசி, ஆணி, டீசல் எதுவானாலும் விமானத்தில்தான் வர வேண்டும். அந்த ஏர் நார்த் விமானக் கம்பெனியிலும் 49 சதவீதம் அவர்களுடைய பங்கு! 2019-இல் கனடாவில் காலநிலை நெருக்கடி என்று அறிவித்த முதல் சில பூர்வகுடி ஊர்களில் இதுவும் ஒன்று. சும்மா அறிவித்துவிட்டு உட்காரவில்லை. 2021-இல் 940 கிலோவாட் சோலார் போட்டுவிட்டார்கள், கிட்டத்தட்ட 2,160 பலகைகள், கூடவே பேட்டரி. பலகைகள் ஊர் அரசுக்குச் சொந்தம். மின்சாரக் கம்பெனி 25 வருஷத்துக்கு அவர்களிடமிருந்து கரண்ட் வாங்கிக்கொள்ள ஒப்பந்தம். வருஷத்துக்கு 1,89,000 லிட்டர் டீசல் மிச்சம் என்பது கணக்கு.

ஒரு வேடிக்கை. பலகைகள் தெற்கு பார்த்து இல்லை. பாதி கிழக்கு, பாதி மேற்கு. கோடையில் சூரியன் அங்கே மறைவதே இல்லை, தலையைச் சுற்றி வலம் வருகிறது. நீங்கள் பார்த்திருந்தால் "எந்த முட்டாள்லே இப்படி மாட்டினான்" என்று கேட்டிருப்பீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று மதியம் வெயில் நன்றாக இருந்ததால் டீசல் என்ஜினை நிறுத்தினார்கள். அந்த ஊரில் அந்தச் சத்தம் ராப்பகலாக ஓடிக்கொண்டே இருப்பது. பத்து நிமிஷத்தில் அது காதுக்குப் பழகி, இருப்பதே தெரியாமல் போய்விடும். நின்றபோதுதான் ஆறு ஓடும் சத்தம் கேட்டது. என்னுடன் நின்ற பெரியவர் "மாசி சோ" என்றார். அவர்கள் மொழியில் மிக்க நன்றி என்று அர்த்தம். எனக்கு மாசிக் கருவாடு ஞாபகம் வந்தது, பசித்த வயிறு.

அன்று ராத்திரி, ராத்திரி என்று சொல்வதே தப்பு, வெயில்தான், ஹாலில் கை விளையாட்டு. இரண்டு அணி எதிரெதிரே மண்டியிட்டு உட்காரும். ஒரு அணிக்காரர்கள் துணிக்கு அடியில் சின்னப் பொருளை எந்தக் கையில் வைத்தோம் என்று மறைப்பார்கள். எதிரணித் தலைவர் ஒரே ஒரு கைச்சாடையில் எல்லோருடையதையும் கண்டுபிடிக்க வேண்டும். பின்னால் தோல் பறை இடி மாதிரி முழங்கும். நம் கிச்சு கிச்சு தாம்பாளம்தான் அப்பா, பறையோடு! என்னையும் இழுத்து உட்கார வைத்தார்கள். மூன்று சுற்றிலும் பிடிபட்டேன். பொருள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் கன்னம் துடிக்கிறதாம். தம்பி சின்ன வயதிலேயே இதைத்தான் சொன்னான்.

இதெல்லாம் எழுதியதே ஒன்றைக் கேட்பதற்காகத்தான்.

திரும்பும் விமானத்தில் முதலாளியம்மா என் ஊரைப் பற்றிக் கேட்டார். தாத்தாவின் மூணே முக்கால் ஏக்கரைச் சொன்னேன். கல்லும் உடைமரமுமாகக் கிடக்கிற பூமி, ஆடுகூட மேயாது என்று புரோக்கர் பேசி முடித்ததை. ஆச்சியின் கம்மலை அடகிலிருந்து மீட்டது போக ஒரு பசுமாடு வாங்கியதை. மறு வருஷமே அங்கே இரண்டு காற்றாடி எழும்பியதை. அந்த இரண்டிலிருந்தும் வரும் யூனிட்டை மாதாமாதம் மீட்டர் பார்த்து எழுதியதும் நீங்கள்தான் என்று சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "உன் அப்பா எவ்வளவு எழுதினார்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை, நீங்களும் சொன்னதில்லை.

நீங்கள் ரீடிங்கைத் தனியாகக் குறித்து வைக்கும் சிவப்பு டைரிகள் பரணில்தானே இருந்தன? எலி விட்டு வைத்திருந்தால் இறக்கிப் பாருங்கள். அந்த இரண்டு மெஷினின் கணக்கு மட்டும் போதும். தம்பியை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேஸ் போட இல்லை, பயப்படாதீர்கள். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவிடம் நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள். கருவாடும் கொஞ்சம். இங்கே யூக்கான் ஆற்றில் சின்னூக் சால்மன் வரத்து விழுந்துபோய், 2024-இல் ஏழு வருஷத்துக்கு அதைப் பிடிக்கவே கூடாது என்று கனடாவும் அலாஸ்காவும் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். மீன் உலர்த்தும் பரண்கள் காலியாக நிற்கின்றன. எங்கள் ஆபீசில் ஒருத்தி நம் நெத்திலியைத் தின்றுவிட்டு அவள் பாட்டிக்கும் வேண்டும் என்கிறாள். ஆகவே இரண்டு பொட்டலம்.

இப்படிக்கு,
உங்கள் பாப்பா

பி.கு.: பரணில் நீங்கள் ஏறாதீர்கள். தம்பியை ஏறச் சொல்லுங்கள்.