எல்லை வரைவதற்கு முன் மீனின் வழியைப் பாருங்கள்

கடல் காப்பகங்களுக்கு எல்லை வரையும் குழுவினருக்கு,

வணக்கம். 2030க்குள் உலகக் கடற்பரப்பில் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்று 2022இல் மாண்ட்ரியாலில் நாடுகள் ஒப்புக்கொண்டன. அன்றிலிருந்து உங்கள் மேசையில் வரைபடங்கள் குவிந்துகொண்டிருக்கும். அவசரம் புரிகிறது. ஆனால் முதலில் பரப்பளவுக் கணக்கை முடிப்போம், மீன் எங்கே போகிறது வருகிறது என்பதை அப்புறம் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள்.

மீனின் வயிற்றுக்குள் சின்ன ஒலிபரப்பியை வைத்துத் தைத்துவிட்டு, கடலடியில் ஒலிவாங்கிகளை நிறுத்தினால் அதன் நடமாட்டம் பதிவாகும். (பதிவு இல்லையென்றால் மீனே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. பாறையிடுக்கில் படுத்திருக்கும் மீனின் ஒலி வெளியே வராமலும் போகலாம்.) இப்படிப் பார்த்ததில், பவளப்பாரில் (பவளப்பாறைத் திட்டில்) வாழும் சின்ன மீன்கள் பலவும் சில நூறு மீட்டருக்குள்ளேயே காலத்தைக் கழிக்கின்றன. பெரிய சுறாக்களும் பாரை மீன்களும் பல பத்து, சில நேரம் பல நூறு கிலோமீட்டர் சுற்றுகின்றன. ஆகவே எந்த மீனுக்காக என்று சொல்லாமல் அளவைப் பேசுவதில் பொருளில்லை. அந்த மீன் வழக்கமாக உலவும் பரப்பைப் போலக் காப்பகம் இரண்டு மடங்குக்கு மேல் அகலமாக இருக்க வேண்டும் என்பது பார் மீன்களை ஆராய்ந்தவர்கள் தரும் அளவுகோல்.

கோடு எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். பாரின் நடுவே வெட்டினால் மீன் தாராளமாக வெளியே வரும், படகுகளும் அந்தக் கோட்டை ஒட்டியே காத்திருக்கும். மணல்வெளியோ ஆழமோ தொடங்கும் இடத்தில் நிறுத்தினால் பல பார் மீன்கள் அதைத் தாண்டத் தயங்கும். 87 காப்பகங்களை ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வு வெற்றிக்கு ஐந்து தன்மைகளைச் சொன்னது: முழு மீன்பிடித் தடை, சரியான காவல், பத்தாண்டுக்கு மேல் வயது, 100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, ஆழத்தாலோ மணலாலோ பிரிந்திருப்பது. ஒன்றிரண்டு தன்மை மட்டும் இருந்தவை பாதிக்கும் மேல். அவற்றுக்கும் மீன் பிடிக்கும் இடங்களுக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கரீபியக் கடலின் நசாவு களவா வருடம் முழுக்கத் தன் பாரில் தனியாகத் திரியும். குளிர்காலப் பௌர்ணமியை ஒட்டி மட்டும் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் கூடி முட்டையிடும். அந்த இடத்துக்கு வர நூறு கிலோமீட்டருக்கு மேல் நீந்துவதும் உண்டு. லிட்டில் கேமன் தீவருகே இப்படி ஒரு கூட்டத்தை 2001இல் மீனவர்கள் கண்டார்கள். இரண்டே பருவங்களில் ஆயிரக்கணக்கான களவா போயிற்று. 2003இல் தடை வந்தது. மெல்ல மெல்ல எண்ணிக்கை ஏறி, பதினைந்து ஆண்டுகளில் சுமார் 7,000ஐத் தொட்டது. மீன் வசிக்கும் பவளப்பாரை மட்டும் காத்து, கூடும் இடத்தை விட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

குஞ்சுகளின் கதையும் அப்படித்தான். கரீபியக் கடலில் வானவில் கிளிமீனின் குஞ்சுகள் அலையாத்திக் காட்டில் வளர்ந்து பிறகே பாருக்கு வருகின்றன. காட்டை அழித்த இடத்தில் பாரிலும் அந்த மீன் இல்லாமல் போனது. எனவே காடு, கடற்புல், பார் மூன்றையும் ஒரே காப்பகமாகப் பாருங்கள்; மூன்று துறைகளின் மூன்று கோப்புகளாக அல்ல.

எல்லை போட்டதும் வேலை முடிந்துவிடாது. வட கடலில் பிளேஸ் என்ற தட்டைமீனின் குஞ்சுகளுக்காக 1989இல் பெரிய இழுவைப் படகுகளை விலக்கி ஒரு பகுதி ஒதுக்கினார்கள். பின்னர் குஞ்சுகளே ஆழமான நீருக்கு இடம் மாறின. கடல் சூடாவதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கோடு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

அடுத்த வரைவில் ஒவ்வொரு எல்லைக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதித் தாருங்கள்: எந்த மீனுக்காக, அது முட்டையிடக் கூடும் இடமும் பருவமும், எல்லையை மறுபடி பார்க்கும் ஆண்டு. இரண்டாவதற்கு அங்கே வலை போடும் மீனவர்களைக் கேளுங்கள். லிட்டில் கேமன் கூட்டத்தை முதலில் கண்டவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர்