ஆர்கானிக் வைன் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல பிரான்ஸ்ல ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையா நடத்துற திராட்சைத் தோட்டத்தைப் பத்தியும் அவங்க போடுற ஆர்கானிக் ரெட் வைன் பத்தியும் வந்த கட்டுரைய முழுசா படிச்சேன், தோட்டத்தைப் பத்தி எழுதினது அருமையா இருந்துச்சு, ஆனா பக்கத்துல கட்டம் கட்டி கெமிக்கலே கிடையாது, இதயத்துக்கு நல்லதுன்னு போட்டிருக்கீங்களே, அதைப் படிச்சுட்டு சும்மா இருக்க முடியல.

ஆர்கானிக் தோட்டத்துலயும் மருந்து அடிக்கிறாங்க சார். மயில்துத்தமும் (தாமிர உப்பு) சுண்ணாம்பும் கலக்குற போர்டோ கலவை கம்பம் பக்கத்து திராட்சை விவசாயிங்களுக்கே நல்லா தெரியும், 1880கள்ல பிரான்ஸ்ல போர்டோ பக்கம் மிலார்டேங்கிற பேராசிரியர் திராட்சைக் கொடியில வர்ற அடிச்சாம்பல்ங்கிற பூஞ்சை நோய்க்காக கொண்டு வந்தது அது, ஆர்கானிக்காரங்களும் இன்னைக்கு வரைக்கும் தாமிரத்தைத்தான் நம்பி இருக்காங்க. தாமிரம் மண்ணுலயே தங்கிடும்ங்கிறதால ஐரோப்பிய யூனியன்ல 7 வருஷத்துக்கு சேர்த்து ஹெக்டேருக்கு 28 கிலோதான்னு கட்டுப்பாடு. வைன் கெடாம இருக்க சேர்க்கிற சல்பைட்டும் உண்டு, அங்க சாதா ரெட் வைன்ல லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னா ஆர்கானிக்ல 100. இதயம் விஷயம்னா, எந்த அளவு குடிச்சாலும் பாதுகாப்புன்னு சொல்ல முடியாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலயே சொல்லியாச்சு, திராட்சைய எப்படி விளைய வச்சாலும் பாட்டில்ல இருக்கிற ஆல்கஹால் ஒண்ணுதான்.

அப்ப ஆர்கானிக்கால யாருக்கு நல்லதுன்னா, முக்கியமா மருந்தடிக்கிறவங்களுக்கு. பிரான்ஸ் தோட்டங்கள்ல கொடியோட கட்டை பட்டுப்போற நோய்க்கு சோடியம் ஆர்சனைட் அடிச்சிட்டு இருந்தாங்க, அது புற்றுநோய் வர வைக்கிற விஷம், 2001லதான் தடை பண்ணாங்க. பூச்சிமருந்தோட புழங்கின விவசாயிங்களுக்கு வர்ற பார்கின்சன்ங்கிற நரம்பு நோயை தொழில்ல வர்ற நோய்னு 2012ல அந்த அரசாங்கமே ஏத்துக்கிச்சு. குடும்பத் தோட்டத்துல அப்பாவோ மகனோதானே மருந்து அடிக்கப் போறாங்க, அதனால இது அவங்களுக்கு விற்பனை விளம்பரத்தைத் தாண்டின விஷயம்.

உங்க கட்டுரையில எமானுவேல் ஜிபூலோங்கிற ஆர்கானிக் திராட்சை விவசாயி பேரு வரும்னு எதிர்பார்த்தேன், வரல. பிரான்ஸ்ல பர்கண்டி பகுதியில போன்ங்கிற ஊர்ல சுமார் 10 ஹெக்டேர் தோட்டம் வச்சிருந்தவர், அவங்க அப்பா 1970கள்லயே ரசாயனத்தை விட்டுட்டார். 2013ல கொடிய மஞ்சளாக்கி சாகடிக்கிற ஒரு நோய் பரவுதுன்னு அதை பரப்புற தத்துப்பூச்சிய கொல்ல மாவட்டம் முழுக்க கட்டாயமா மருந்தடிக்கணும்னு உத்தரவு, ஆர்கானிக்காரங்களுக்கு பூவுலேர்ந்து எடுக்கிற பைரித்ரம் போதும்னு அனுமதியும் இருந்துச்சு, ஆனா அதுவும் நல்லது பண்ற பூச்சிங்களையும் சேர்த்து கொன்னுடும், நோய் இல்லாத இடத்துல எதுக்குன்னு அவர் அடிக்க மாட்டேன்னுட்டார். கேஸ் ஆச்சு, 6 மாசம் ஜெயிலும் 30,000 யூரோ அபராதமும் வரைக்கும் போயிருக்கலாம். அக்கம்பக்கத்து விவசாயிங்க சிலருக்கே அவர் மேல கோவம், அதுலயும் நியாயம் இருக்கு, அந்த நோய் வந்தா கொடிய பிடுங்கிப் போடுறதத் தவிர வேற வழி கிடையாது. 2014 ஏப்ரல்ல 1,000 யூரோ அபராதம், அதுல பாதி நிறுத்தி வச்சாங்க, டிசம்பர்ல திஜோன் அப்பீல் கோர்ட் உத்தரவே முறைப்படி போடலன்னு விடுதலை பண்ணிடுச்சு. லட்சக்கணக்கான பேர் அவருக்காக கையெழுத்து போட்டிருந்தாங்க.

இந்த மாதிரி பிடிவாதத்துக்கும் உழைப்புக்கும் சேர்த்துதான் அந்த பாட்டிலுக்கு காசு கூட. மழை விடாம பெய்யற வருஷத்துல தாமிரம் கழுவிட்டுப் போக திரும்பத் திரும்ப டிராக்டர் எடுக்கணும், கொஞ்சம் அசந்தா பாதி விளைச்சல் போயிடும், அதோட சாதா தோட்டத்தை ஆர்கானிக்கா மாத்தறதுக்கு 3 வருஷம் ஆகும், அதுவரைக்கும் லேபிள்ல ஆர்கானிக்னு போட்டு விக்கவும் முடியாது.

தயவுசெஞ்சு அடுத்த ஞாயிறு இணைப்புல அந்தக் கட்டத்துக்கு ஒரு திருத்தம் போடுங்க, இதயம் பத்தின வரிய எடுத்துட்டு அங்க மருந்தடிக்கிறவங்களைப் பத்தி ரெண்டு வரி எழுதினாலும் சந்தோஷம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், புதுச்சேரி