சாதாரண நாளைப் பற்றிக் கேள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். "அப்பாவின் அலமாரியை ஒழித்துக்கொண்டிருக்கிறேன், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்துக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல மனம் வரவில்லை. நிதானமாக யோசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுச் சேதி. மகள் குடும்பத்தோடு எங்களிடமே வந்துவிட்டாள். அம்மாவுக்கு இப்போது 84 வயது. பேத்திக்கு 9, பேரனுக்கு 3. ஆக, ஒரே கூரையின் கீழ் நான்கு தலைமுறை. காலையில் குளியலறைக்கு வரிசை, வாசலில் செருப்பு வைக்க இடமில்லை, டிவி சத்தத்தில் போன் பேச முடியவில்லை. இருந்தாலும் வீடு நிறைந்திருப்பது தனி சுகம்தான். அம்மா முன்பைவிடத் தெளிவாக இருக்கிறாள். பேச ஆள் கிடைத்ததே பாதி மருந்து என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் நான் பலமுறை கேட்டிருக்கிறேன், "உன் காலத்துக் கதையெல்லாம் சொல்லும்மா" என்று. "அதுல என்னடி இருக்கு சொல்றதுக்கு? எல்லாரையும் போலத்தான் இருந்தோம்" என்பாள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். பேத்தி கேட்டது வேறு மாதிரி. ஒருநாள் ராத்திரி அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "பாட்டி, என் வயசுல நீங்க எந்த இடத்துல படுத்துத் தூங்குவீங்க? பக்கத்துல யாரு படுப்பா?" என்று கேட்டாள்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் போர்வையின் மேல் கையால் கோடு இழுத்துக் காட்ட ஆரம்பித்தாள். "இது சுவர். சுவரோரமா நான். எனக்கு அடுத்து தங்கச்சி, தூக்கத்துல காலைத் தூக்கி என் மேல போட்டுக்குவா. அப்புறம் அண்ணன், அப்புறம் அம்மா. அப்பா மட்டும் கதவுப் பக்கம்." ஏன் கதவுப் பக்கம் என்று கேட்டாள் பேத்தி. "தாழ்ப்பாள் சரியா விழாது. ஒரு தடவை இழுத்தா விழுந்த மாதிரி இருக்கும், காத்தடிச்சா திறந்துக்கும். இழுத்து, விட்டு, மறுபடி இழுக்கணும். அப்பாவுக்குத்தான் அது வசப்படும். அவர் ரெண்டாவது தடவை இழுக்கிற சத்தம் கேட்டாதான் எனக்குத் தூக்கம் வரும்."

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. அம்மா இன்றைக்கும் தாழ்ப்பாளை இரண்டு முறைதான் இழுப்பாள். நானும் அப்படித்தான். என் மகளும் அப்படியே செய்வதை நீயே பார்த்திருப்பாய். எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள்களெல்லாம் ஒரே இழுப்பில் நன்றாக விழக்கூடியவை! அம்மாவுக்கு எல்லாவற்றையும் சரிபார்க்கும் குணம், அதனால்தான் அந்தப் பழக்கம் என்று இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். அந்த வீடு இடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. தாத்தாவை நான் பார்த்ததுகூட இல்லை. அவருடைய கை அசைவு மட்டும் எங்கள் கைகளில் இன்னும் இருக்கிறது. இரண்டு நாள் கழித்துப் பேத்தியைக் கவனித்தேன். அவளும் இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தாள். அம்மாவுக்கு அடுத்து, காரணம் தெரிந்து இழுக்கத் தொடங்கியவள் எங்கள் வீட்டில் அவள்தான்.

இதிலிருந்து எனக்குப் பிடிபட்டது என்னவென்றால், பெரியவர்களிடம் "வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் எதுவும் வராது. தங்கள் வாழ்க்கையில் சொல்லத்தக்க பெரிய சம்பவம் எதுவும் இல்லை என்றே அவர்கள் நம்புகிறார்கள். படுத்த இடம், வீட்டின் ஜன்னல் எந்தப் பக்கம், பள்ளிக்கு யாரோடு போவாய், யாருக்குப் பயப்படுவாய் என்று கேட்டால் தடையில்லாமல் வருகிறது. அதிலும் அம்மா சொல்வதெல்லாம் பெரும்பாலும் சிறுவயதும் இளவயதும்தான். அம்மா மட்டும் இல்லை, வயதானவர்களிடம் பொதுவாகவே பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் அதிகம் நினைவில் நிற்கின்றன என்று உளவியல் ஆய்வாளர்கள் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். முதன்முதலாக நடப்பவை அதிகம் உள்ள காலம் அது என்பது ஒரு காரணம். நேற்றுச் சாப்பிட்டதை மறந்துவிட்டு அந்தக் காலத்துக் கதையையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்களே என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அந்த அலுப்பை விட்டுவிட்டுக் கேட்க உட்கார்ந்தால், நமக்கு வேறெங்கும் கிடைக்காதது கிடைக்கிறது.

பேரனை நினைத்தால்தான் மனசு கொஞ்சம் கலங்குகிறது. அம்மா மடியில்தான் நாள் முழுக்க இருக்கிறான். அவள் கன்னத்து மருவைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். ஆனால் அவன் பெரியவனானால் இதில் எது ஞாபகம் இருக்கும்? இதைப் பற்றி ஓர் ஆய்வைப் படித்தேன். மூன்று வயதுக் குழந்தைகள் தாயோடு பேசிய சம்பவங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, அவர்கள் வளர்ந்த பிறகு மறுபடி கேட்டிருக்கிறார்கள். 5 முதல் 7 வயதில் பாதிக்கு மேல் நினைவிருந்திருக்கிறது. 8, 9 வயதானபோது 40 சதவீதத்துக்கும் குறைவு. 2014-ல் வெளிவந்தது. குழந்தைப் பருவத்தை நாம் பெரியவர்களான பிறகு மறப்பதில்லை, குழந்தையாக இருக்கும்போதே மறந்துவிடுகிறோம்!

அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை. அப்புறம் வேறொன்று படித்தேன், கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நியூசிலாந்தில் பெரியவர்களிடம் உங்கள் முதல் நினைவு எந்த வயதில் என்று கேட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய வம்சாவளியினர் சொன்னது சராசரியாக 43 மாதம். அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் சொன்னது சுமார் 33 மாதம். மாவோரிகள் குடும்பத்தின் பழைய கதைகளுக்கு அதிக மதிப்புக் கொடுப்பவர்கள், குழந்தைகளிடம் நடந்ததை விரிவாகப் பேசுகிறவர்கள்; அதுவே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆக, பேசப் பேச நினைவு தங்க வாய்ப்பு உண்டு. இப்போது தினமும் ராத்திரி பேரனிடம் நான் கேட்கிறேன்: "இன்னைக்குக் கொள்ளுப்பாட்டி உன்கிட்ட என்ன சொன்னா? நீ என்ன பண்ணினே? அப்போ அவ எப்படிச் சிரிச்சா?" அவன் சொல்வதில் பாதி கற்பனை. இருக்கட்டும்.

கற்பனை என்றதும் அண்ணன் ஞாபகம் வருகிறது. அப்பா சைக்கிளில் எங்களை வைத்துக்கொண்டு மழையில் வந்த கதை உனக்குத் தெரியும், எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! முன்னால் உட்கார்ந்திருந்தது நான் என்கிறேன் நான். தான்தான் என்கிறான் அவன். அப்பா வழி முழுக்கப் பாடிக்கொண்டே வந்தார் என்பது என் நினைவு. ஒரு வார்த்தை பேசவில்லை, கோபமாக இருந்தார் என்பது அவன் நினைவு. அம்மாவைக் கேட்டால், அன்று மழையே இல்லை என்கிறாள். இதைத் தீர்த்துவைக்க இனி யாரும் இல்லை.

நினைவு இப்படித்தான் வேலை செய்கிறது என்பதை கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் என்கிற உளவியலாளர் 1932-லேயே எழுதிவிட்டார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து சொல்லச் சொன்னார். கதையில் சீல் என்கிற கடல்விலங்கை வேட்டையாடப் போகிறார்கள். சொன்னவர்களோ மீன் பிடிக்கப் போனார்கள் என்றார்கள். பழக்கமில்லாதது பழக்கமானதாக மாறிவிடுகிறது, புரியாதது உதிர்ந்துவிடுகிறது. பொய் சொல்லும் எண்ணம் அவர்களில் யாருக்கும் இல்லை. அதனால் அண்ணனும் நானும் இப்போது ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறோம். மூன்று கதையையும் மூன்றாகவே எழுதிவைப்பது, யார் சொன்னது என்று பெயரோடு. கோபமாக இருந்த அப்பா அண்ணனுக்குச் சொந்தம், பாடிய அப்பா எனக்குச் சொந்தம். இரண்டில் ஒன்றை அழித்தால் ஒருவருக்கு அப்பாவில் ஒரு பகுதி போய்விடும்.

சரி, இப்போது உன் அப்பாவின் அலமாரிக்கு வருகிறேன். டைரியில் ஒன்றுமே இல்லை, வரவு செலவும் யார் வந்தார், யார் போனார் என்பதும்தான் என்று எழுதியிருந்தாய். தோழி, அதைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதே. விருதும் சான்றிதழும் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். உனக்குப் புதுச் செருப்பு வாங்கிய நாள் எது, யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தார், அந்த மாதம் எதைக் குறைத்துச் சமாளித்தார் என்பதெல்லாம் அந்த டைரியில் மட்டும்தான் இருக்கிறது. உன் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் மனசு அங்கேதான் தெரியும்.

போட்டோக்களைப் பொறுத்தவரை ஒன்றிரண்டு விஷயம். பின்பக்கம் பெயர் எழுத வேண்டும் என்றால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுது. பால்பாயிண்ட் பேனா முன்பக்கத்தில் தடம் பதித்துவிடும், மையும் ஊறக்கூடும். பசைப் பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடுகிற பழைய ஆல்பங்களில் படம் இருந்தால் முதலில் அப்படியே போனில் படம் எடுத்து வைத்துக்கொள். அந்தப் பசைதான் போட்டோவைக் கெடுப்பது. கழற்றுவதானால் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்குப் பின்னால் விட்டு மெதுவாக இழு. ஒட்டிக்கொண்டு வராவிட்டால் விட்டுவிடு, பிய்த்து எடுக்காதே. யார் யார் என்று எழுதும்போது உறவுமுறையை மட்டும் எழுதாமல் பெயரையும் எழுது. "பெரிய அத்தை" என்றால் உனக்குத் தெரியும், உன் பேத்திக்கு யார் என்று தெரியாது.

குரலையும் பதிவு செய். அம்மா பேசும்போது நான் போனைப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன், அவளிடம் சொல்லிவிட்டுத்தான். முதலில் கூச்சப்பட்டாள், இப்போது மறந்துவிடுகிறாள். இருமல், பின்னால் பாத்திரம் விழும் சத்தம், பேரனின் அழுகை எல்லாம் அதில் இருக்கிறது. மகள் வெட்டிச் சுத்தம் செய்து தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். ஆனால் ஒரே இடத்தில் வைக்காதே. போன் தொலைந்தால் எல்லாம் போச்சு. இரண்டு மூன்று பேரிடம் பிரதி இருக்கட்டும்.

யான் ஆஸ்மான் என்ற ஜெர்மானிய அறிஞர் சொல்லியிருக்கிறார்: வாய்மொழியாகக் குடும்பத்தில் புழங்கும் நினைவுக்கு ஆயுள் 80 முதல் 100 ஆண்டு, மூன்று நான்கு தலைமுறை. அம்மாவுக்கு 84 என்று எழுதினேனே, கணக்குப் போட்டுப் பார். அவள் கேட்ட பழைய கதைகள் விளிம்பில் நிற்கின்றன.

அதனால்தான் உன் சித்தியைப் பற்றிக் கேட்கிறேன். உன் அம்மா, அப்பா இருவரையும் சிறுவயதிலிருந்தே பார்த்தவர்களில் இப்போது அவர் ஒருவர்தான் மிச்சம். காது மந்தமாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். போனில் கேட்டால் வேலைக்காகாது, நேரில் போ. டைரியில் பெயர் புரியாத பக்கங்களுக்கு அடையாளம் வைத்து எடுத்துக்கொண்டு போ. உன் மகனையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது, நீ கேட்கத் தயங்குவதை அவன் கேட்டுவிடுவான். உன் அம்மா அந்த வீட்டில் எந்த இடத்தில் படுத்தாள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். சித்தி என்ன சொன்னார் என்று எனக்கு எழுது, ஒன்றுகூட விடாமல்.

மூட்டு வலிக்கு எனக்கு இப்போது பரவாயில்லை. உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் தோழி