மருந்து விற்காமல் அனுப்பிய தம்பிக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று மண்டியிலிருந்து வீட்டுக்காரர் போன் செய்தார். மூட்டையைக் கொட்டிப் பார்த்ததில் சொத்தைக் காய் என்று ஒதுக்கியது கொஞ்சம்தானாம். கேட்டதும் எனக்குப் பேச்சே வரவில்லை. தண்டையும் காயையும் துளைக்கும் புழுவால் எங்கள் கத்தரிக் கொல்லை பட்ட பாடு, வேலூர் மாவட்டத்தில் எங்கள் இலவம்பாடிப் பக்கம் எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் நன்றி, பூச்சிமருந்துக் கடையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு. கடையின் பெயரைச் சொல்லவில்லை, அவருக்குச் சங்கடமாகிவிடக் கூடாது. அன்றைக்கு, முன்பு வாங்கியதைவிட வீரியமான மருந்தாகக் கொடுங்கள் என்று கேட்டுப் போனேன். கையில் வாடிப்போன நுனித்தண்டு ஒன்று இருந்தது. மருந்தை எடுக்கப் போனவர் திரும்பி வந்து, "அதைக் கொடுங்கக்கா" என்று வாங்கி, அட்டைப்பெட்டி பிரிக்கும் பிளேடால் நீளவாக்கில் கீறினார். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு.

"துளைச்சு உள்ளே போனதும் தன் கழிவாலேயே வாசலை அடைச்சுக்குதுக்கா. மேல நனைய நனைய அடிச்சாலும் இதுமேல எப்படிப் படும்? காசை வச்சுக்கோங்க" என்றார்.

விற்றால் அவர் கடைக்குத்தான் லாபம். எங்கள் பழைய பாக்கியும் அந்தக் கடையில் இருந்தது, அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அவரே போன் போட்டு, விவரம் சொல்லி, என்னிடம் கொடுத்தார். அப்புறம் பில் புத்தகத்தில் ஒரு தாள் கிழித்து, யாரைப் பார்க்க வேண்டும், எந்த பஸ் ஏற வேண்டும் என்று எழுதித் தந்தார். வாடிய தண்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, "இதைக் காட்டுங்க, சும்மா வாயால சொன்னா பத்தாது" என்றார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

விரிஞ்சிபுரத்தில் சொன்னது எதுவும் எங்கள் சக்திக்கு மீறியது இல்லை. வாடிய நுனியைப் பார்த்ததும் கிள்ளிக் கொளுத்த வேண்டும், வரப்பில் வீசக் கூடாது. சொத்தைக் காயையும் அப்படியே அழிக்க வேண்டும். இந்தப் புழுதான் வளர்ந்து அந்துப்பூச்சியாகிறது; பெண் பூச்சியின் வாசனை வைத்த இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு 5 வைத்தால் ஆண் அந்துப்பூச்சி அதில் விழும். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு இடித்து ஊறவைத்து, வடிகட்டித் தெளிக்க வேண்டும். இவ்வளவும் முன்பே ஆராய்ந்து எழுதி வைத்திருக்கிற சங்கதிதான். ஆனால் பக்கத்திலேயே இருந்தும் எங்கள் கொல்லைக்கு அது வந்து சேரவில்லை. கொண்டுவந்து சேர்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. எத்தனை கொல்லைகள் இன்னும் அந்த ஆள் இல்லாமல் கிடக்கின்றனவோ என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

பக்கத்துக் கொல்லையிலிருந்து அந்துப்பூச்சி பறந்து வரும் என்பதால், நாங்கள் மட்டும் செய்து பயனில்லை. அதைப் புரிந்துகொண்டு தங்கள் கொல்லையிலும் பழைய செடிகளைப் பிடுங்கிக் கொளுத்திய அக்கம்பக்கத்தார், பொறி கட்டக் கற்றுத்தந்த வேளாண் கல்லூரிப் பிள்ளைகள், நேரில் வந்து பார்த்த விஞ்ஞானிகள், வேப்பங்கொட்டை பொறுக்கித் தந்த சின்னப் பிள்ளைகள், விலையைக் குறைக்காமல் பொறுத்திருந்த மண்டிக்காரர், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

2023-இல் நம் முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. என் மாமியாரோ, "பேர் கிடைச்சா போதுமா, வெதை கையில இருக்கணும்" என்றார். இந்த முறை அந்த விதையே போய்விடுமோ என்று பயந்தோம். போகவில்லை.

இனி அறுவடை முடிந்த செடியை ஒரு நாள்கூடக் கொல்லையில் நிற்க விடமாட்டேன். யார் வந்து கேட்டாலும் தண்டைக் கீறிக் காட்டுவேன். சொத்தையில்லாத நல்ல பழங்களை விதைக்கு என்று விட்டு வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் ஆடிப் பட்டத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். கடைத் தம்பி, உங்கள் வீட்டில் கத்தரி போடுவதாக இருந்தால் முதல் பொட்டலம் உங்களுக்குத்தான்.