2016–17 ஆண்டறிக்கை: செயலாளர் வாசித்தது

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இது நமக்குச் சிரமமான ஆண்டு. நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானதும் சந்தா வசூல் நின்றுபோனது. டிசம்பர் 12-ல் வர்தா புயல். தெருவில் சாய்ந்த மரங்களை அறுத்து வழிவிட்ட இளைஞர்களுக்குச் சங்கத்தின் நன்றி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குள்ள நேரத்தில் பிப்ரவரியில் நடந்த தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி முகாமைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

9 மாதம் முடிந்த குழந்தையிலிருந்து 15 வயது நிறையாத பிள்ளைகள் வரை எல்லோருக்கும் ஒரு ஊசி. தமிழ்நாட்டில் மட்டும் இலக்கு 1.76 கோடிப் பிள்ளைகள். பள்ளியிலேயே போட்டுவிடுவார்கள், நமக்கு என்ன வேலை என்று செயற்குழுவில் நினைத்தோம். அது தவறு. முகாம் தொடங்குவதற்கு முன்பே இந்த ஊசியால் கெடுதல் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி வந்துவிட்டது. நம் சங்கத்தின் குழுவிலும் வந்தது. நான் அதைப் பார்த்தும் ஒரு நாள் முழுக்கப் பதில் போடவில்லை. அதற்குள் எத்தனை வீட்டில் படித்தார்களோ! ஊசி போடும் நாளில் சிலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை.

அப்புறம்தான் வீடு வீடாகப் போனோம். "எங்க பையனுக்கு எம்எம்ஆர் போட்டாச்சு சார், திரும்ப எதுக்கு?" என்பதுதான் அதிகம் கேட்ட கேள்வி. எம்எம்ஆர் என்பது தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி. நியாயமான கேள்வி. கூட வந்த செவிலியர் பொறுமையாக விளக்கினார். 9 மாதத்தில் குழந்தையின் உடம்பில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் மிச்சமிருக்கும். அதனால் அந்த வயதில் போடும் முதல் ஊசி 100-ல் 85 குழந்தைகளுக்குத்தான் வேலை செய்கிறது. இரண்டு தவணை போட்டால் 97 பேர்வரை காப்பாற்றப்படுகிறார்கள். கூடுதலாக ஒன்று போட்டால் கெடுதல் இல்லை. தட்டம்மை வந்த ஒரு பிள்ளையிடமிருந்து, தடுப்பு இல்லாத 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். அதனால் 95 சதவீதம் பேருக்காவது தடுப்புச் சக்தி இருந்தால்தான் அது ஊருக்குள் பரவாது. 80, 85 என்பது பரீட்சையில் நல்ல மார்க்; இந்த நோய்க்குப் போதாது.

ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்புச் செய்தோம், நோட்டீஸ் ஒட்டினோம். அதைக் கேட்டு மனம் மாறி வந்ததாக ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. மூன்றாவது தெருவில் ஒரு பாட்டி, மருமகளை உட்காரவைத்துப் பேசினார். சின்ன வயதில் தன் தம்பிக்கு மணல்வாரி (தட்டம்மைதான்) போட்டதையும், வேப்பிலை கட்டிக் காத்திருந்ததையும், அவன் பிழைக்காமல் போனதையும் சொன்னார். அந்த மருமகள் பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். இளம் பெற்றோர் பலர் இந்த நோயைப் பார்த்ததே இல்லை. தடுப்பூசி வேலை செய்ததால்தான் பார்க்கவில்லை. உலக அளவில் 2000-க்கும் 2015-க்கும் இடையில் தட்டம்மைச் சாவுகள் 79 சதவீதம் குறைந்திருக்கின்றன. நோயைக் காணாதவர்களுக்கு ஊசி மட்டும்தான் பயமாகத் தெரிகிறது.

பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சிலும் நீட்டித்தார்கள். நமக்கு அது பெரிய உதவி. அதற்குப் பிறகுதான் ஏரிக்கரைக் கட்டடத் தளத்தின் தகரக் கொட்டகைகள் எங்களுக்கு ஞாபகம் வந்தன. அங்குள்ள வடமாநிலப் பிள்ளைகள் எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் இல்லை. பலரிடம் தடுப்பூசி அட்டையும் இல்லை. விட்டுப்போனவர்கள் ஊர் முழுக்கச் சிதறி இருந்தால்கூடப் பரவாயில்லை, எல்லோரும் ஒரே இடத்தில் நெருக்கி இருக்கிறார்கள். நோய்க்கு அந்த ஒரு இடம் போதும். கலக்கிய மருந்தை 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீந்தால் கொட்டத்தான் வேண்டும் என்று செவிலியர் சொல்லியிருந்தார். அதனால் மேஸ்திரியிடம் பேசி, வேலைக்குக் கிளம்பும் முன் காலையிலேயே தாய்மார்களையும் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்தோம். ஊசி போட்ட பிள்ளைகள் மை வைத்த இடது கட்டைவிரலை எங்களிடம் நீட்டி நீட்டிக் காட்டினார்கள்.

சரி, முகாம் முடிந்துவிட்டது. ஆனால் குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள், கொட்டகைக்குப் புதுக் குடும்பங்களும் வருகின்றன. 9 மாதத்திலும், அடுத்து 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் ஊசி போட வேண்டிய குழந்தைகளுக்காக ஒரு நோட்டு தொடங்கியிருக்கிறோம். தெருவுக்கு இருவர், கொட்டகைகளுக்கு மூவர் பொறுப்பேற்க வேண்டும். இந்தி பேசத் தெரிந்தவர் ஒருவராவது அந்த மூவரில் இருந்தால் நல்லது. நோட்டு இந்த மேசைமேல் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள்.