வாடகை கட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களே,

நம் பால்புதுமையினர் (தன்பால் ஈர்ப்புள்ளவர்கள், திருநர்கள் உள்ளிட்டோர்) மையம் இந்த ஆண்டும் மூடப்படாமல் நடக்கிறது என்றால் அதற்கு எங்கள் வாடகைக்கும் அன்றாடச் செலவுக்கும் நன்கொடை கொடுத்த நீங்கள்தான் காரணம். நீங்கள் கொடுத்தது எந்த மாதிரிப் பணம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அதன் அருமை தெரியும்.

எங்களைப் போன்ற மையங்களுக்கு நிதியே வராது என்றில்லை. எச்ஐவி பரிசோதனைக்கு, பயிற்சி முகாமுக்கு என்று தலைப்பு போட்டு வரும். எத்தனை பேரைப் பரிசோதித்தீர்கள் என்று கேட்பார்கள். கேட்கட்டும், நியாயம்தான். ஆனால் அந்த அறைக்கு வாடகை, மின்கட்டணம், கணக்கு எழுதுபவருக்குச் சம்பளம் என்று போட்டால் 'நிர்வாகச் செலவு' என்று பாதியை வெட்டிவிடுவார்கள். (அறையில்லாமல் எங்கே பரிசோதிப்பதாம்?) திட்டம் முடிந்தால் ஆலோசகரும் போய்விடுவார்; அவரிடம் மட்டும் மனம்விட்டுப் பேசியவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததும் பல நாடுகளில் எச்ஐவி பணிகள் தடுமாறின. ஒரே கையை நம்பியிருந்தால் அப்படித்தான்.

இங்கு வருபவர்களில் பலர் எந்தத் திட்டத்திலும் அடங்காதவர்கள். வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள், சொன்னதால் வீட்டை இழந்தவர்கள், மகளைப் புரிந்துகொள்ள வரும் அம்மாக்கள். சிலர் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

நியூயார்க்கில் 1983-ல் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் இப்படியொரு மையம் தொடங்கியது. எய்ட்ஸ் மருந்துகளுக்காகப் போராடிய 'ஆக்ட் அப்' இயக்கம், 1987-ல் அங்கே நடந்த ஒரு கூட்டத்திலிருந்துதான் பிறந்தது. முன்கூட்டியே விண்ணப்பம் போட்டு நடந்த காரியமா அது? கூட ஓர் இடம் இருந்தது, கூடினார்கள்.

நீங்கள் நிபந்தனை இல்லாமல் கொடுத்ததால் நமக்கும் அந்த இடம் இருக்கிறது. மாதாமாதம் சிறுதொகை அனுப்பியவர்களுக்குத் தனி நன்றி. எப்போதோ வரும் பெருந்தொகையைவிட, வரும் என்று நம்பித் திட்டமிடக்கூடிய சிறுதொகை எங்களுக்குப் பெரிது. பெயர் வேண்டாம் என்றவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. அந்த எச்சரிக்கை ஏன் தேவை என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்?

நாங்கள் யார் என்று தெரிந்தும் வாடகையை ஏற்றாத கட்டட உரிமையாளருக்கு, கட்டணம் வாங்காத வழக்கறிஞர்களுக்கு, இரவில் தொலைபேசியை எடுத்த தன்னார்வலர்களுக்கு நன்றி. அப்புறம், ரசீதுகளைத் துரத்தித் துரத்திச் சேகரித்த கணக்காளருக்கும். ஆண்டுக் கணக்கு தயாராக இருக்கிறது. கொடுத்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அன்புடன்,
மையத்தின் பணியாளர்கள் சார்பில்