டார்ச் அடித்துக் கண்பாவை பார்த்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மூளைச்சாவுச் சான்றிதழில் கையெழுத்துப் போடுபவர்கள் டாக்டர்கள். ஐசியூவில் வேலை பார்க்கும் எங்களுடைய பெயர்தான் அதில் வரும். அதற்கு முன்னும் பின்னும் உழைத்தவர்களின் பெயரை எந்தத் தாளும் கேட்பதில்லை. அவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் 108 ஆம்புலன்ஸ் தம்பி, தங்கைகளுக்கு. மண்டையோடு மூடிய பெட்டி. மூளையும் ரத்தமும் தண்டுவட நீரும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. அடிபட்டு ரத்தம் கட்டினாலோ மூளை வீங்கினாலோ முதலில் நீர் வெளியேறி இடம் கொடுக்கும், பிறகு சிரை ரத்தம் விலகும். அதற்கு மேல் இடமில்லை. உள்ளே அழுத்தம் (மில்லிமீட்டர் பாதரச அளவில்) 10-லிருந்து 40-க்கு ஏறிவிட்டது, உடலின் சராசரி ரத்த அழுத்தமோ 65-தான் என்று வையுங்கள். மூளைக்கு ரத்தத்தைத் தள்ள மிஞ்சுவது 25. தேவை 60-க்குக் குறையாமல். வழியிலேயே ஆக்சிஜனை 90 சதவீதத்துக்குக் கீழே போகவிடாமல், சலைன் ஏற்றி, பிபியை விழவிடாமல் கொண்டு வந்தீர்களே, அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் காத்ததை எங்களால் பிறகு எந்த மருந்தாலும் மீட்டிருக்க முடியாது.

சிஸ்டர்களுக்கு நன்றி சொல்ல இந்த மடல் முழுவதுமே போதாது. மணிக்கொரு முறை டார்ச் அடித்துக் கண்பாவை பார்த்து, இத்தனை மில்லிமீட்டர், வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்று எழுதுகிறீர்கள். வலது பாவை 3-லிருந்து 5 ஆகிவிட்டது, மெதுவாகத்தான் சுருங்குகிறது என்றால் அது சின்னச் செய்தி அல்ல. வீங்கிய மூளையின் உள்பக்க ஓரம், பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே உள்ள சவ்வின் விளிம்பைத் தாண்டிக் கீழே பிதுங்கத் தொடங்கிவிட்டது. அந்த விளிம்பை ஒட்டித்தான் மூன்றாவது மண்டை நரம்பு போகிறது. பாவையைச் சுருக்கும் இழைகள் அதன் மேற்பரப்பில் இருப்பதால் முதலில் நசுங்குபவை அவைதான். அந்த நேரத்தில் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திராமல் கூப்பிட்டீர்கள்.

இன்னொன்று. பிபி 190, நாடித்துடிப்பு 48, மூச்சு தாறுமாறு. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மூளைத்தண்டு நசுங்குகிறது, உடல் கடைசி முயற்சியாக ரத்தத்தை மேலே தள்ளுகிறது என்று பொருள். இங்கே பிபியைக் குறைக்க ஊசி போட்டால் மூளைக்குக் கிடைக்கும் கொஞ்சநஞ்ச ரத்தமும் நின்றுபோகும். அதைப் புரிந்துகொண்டு, பிபி ஊசியைத் தேடாமல், மூளை வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் மருந்தை எடுத்தீர்கள். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி, கழுத்தை நேராக்கி, டியூபைக் கட்டிய நாடா கழுத்துச் சிரையை அழுத்தாமல் தளர்த்தினீர்கள். குளிரில் பாட்டிலுக்குள் படிகம் கட்டியிருந்தால் வெந்நீரில் வைத்துக் கரைத்து, உடல் சூட்டுக்கு ஆறவிட்டு, வடிகட்டி உள்ள செட்டில்தான் ஏற்றினீர்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 20 சதவீத மானிட்டால் 300 மில்லி வரை, இருபது நிமிடத்துக்குள். சிறுநீர் கொட்டும் என்பதால் குழாயும் முன்பே தயார்.

சி.டி. ஸ்கேன் டெக்னீஷியன்களே, படம் எடுக்க நோயாளியை மட்டமாகப் படுக்க வைக்கும் ஒவ்வொரு நிமிடமும் தலைக்குள் அழுத்தம் ஏறும். நாங்கள் வந்து சேருமுன் மேசையைத் தயாராக வைத்திருந்ததற்கு நன்றி. சிலர் அதனால் நேரத்துக்கு ஆபரேஷன் தியேட்டருக்குப் போய், பிழைத்து, நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

எல்லோரும் அப்படிப் பிழைப்பதில்லை. சிறுமூளையின் அடிப்பகுதி மண்டையோட்டின் கீழ்த்துளைக்குள் இறங்கி, மூச்சை நடத்தும் முகுளத்தை நசுக்கிவிட்டால், நினைவும் மூச்சும் திரும்பாது. இதயத்துக்குத் தன் துடிப்பு தன்னிடமே இருப்பதால், வென்டிலேட்டர் ஆக்சிஜன் கொடுக்கும்வரை அது துடித்துக்கொண்டிருக்கும். இந்த நிலைதான் மூளைச்சாவு. இதுவரை ஓடிய நாம் இங்கிருந்து நிதானமாக நடக்க வேண்டும். அந்த நிதானத்தைக் கைவிடாதவர்களுக்கு எங்கள் தனி நன்றி.

கட்டுவிரியன் கடித்தவரும் பாவை அசையாமல், மூச்சில்லாமல், எந்தத் தூண்டலுக்கும் பதில் இல்லாமல் கிடப்பார். அவர் இறந்தவர் அல்லர். சில நாளில் எழுந்து உட்காரக்கூடியவர். பூச்சிமருந்து குடித்தவரும், தூக்க மருந்து உடலில் மிச்சமிருப்பவரும், உடல் குளிர்ந்துபோனவரும் அப்படித்தான். காரணம் ஸ்கேனில் தெளிவாகத் தெரியாதவரை மூளைச்சாவுச் சோதனையைத் தொடங்கவே கூடாது. "கடைசியாகத் தசை தளர்த்தும் ஊசி எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?" என்று சார்ட்டைப் புரட்டிக் கேட்ட ஜூனியர் டாக்டர்களை நாங்கள் மறக்கமாட்டோம்.

சோதனையில் பாவைக்கு வெளிச்சம், கருவிழியில் பஞ்சு நுனி, புருவமேட்டில் அழுத்தம், தொண்டைக்குள் சக்ஷன் குழாய். மூளைத்தண்டு வேலை செய்தால் காதில் ஐஸ் தண்ணீர் விட்டதும் கண் அசையும். அந்த 50 மில்லியை விடுமுன் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளே எட்டாது, கண் அசையாததற்கு அர்த்தமும் இருக்காது.

கடைசியில் மூச்சுச் சோதனை. பத்து நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுத்து, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 40-ஐ ஒட்டி இருப்பதை உறுதிசெய்து, வென்டிலேட்டரைக் கழற்றுகிறோம். மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் வழியாக நிமிடத்துக்கு 6 லிட்டர் ஆக்சிஜன். நெஞ்சும் வயிறும் திறந்திருக்க, எட்டு முதல் பத்து நிமிடம் எல்லோரும் அதையே பார்த்து நிற்கிறோம். கார்பன் டை ஆக்சைடு 60-ஐத் தொட்டும் ஒரு மூச்சுகூட எழவில்லை என்றால்தான் முடிவு. ஆக்சிஜன் 85-க்குக் கீழே போனாலோ பிபி சரிந்தாலோ நிறுத்திவிட வேண்டும். ரத்த மாதிரியைக் கையில் ஏந்தி ஓடிய லேப் தம்பிகளுக்கு நன்றி. அந்த எண் வராமல் சோதனை முடியாது. வென்டிலேட்டர் திரையில் நோயாளி தானே மூச்சிழுப்பதுபோல் தெரிந்தபோது, இதயத்துடிப்பின் அதிர்வைத்தான் மெஷின் மூச்சு என்று எண்ணுகிறது என்று கண்டுபிடித்து, மூச்சிழுப்பை மெஷின் உணரும் அளவான டிரிகரைச் சரிசெய்த சிஸ்டருக்கும் நன்றி.

குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து இதே சோதனைகள் மறுபடியும் முதலிலிருந்து. 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கையெழுத்திட வேண்டும். உறுப்பு மாற்றுக் குழுவைச் சேர்ந்த யாரும் அதில் இருக்கக்கூடாது.

உறுப்பு தானம் பற்றிக் குடும்பத்தோடு பேசும் கோஆர்டினேட்டர்களே, இறப்பைக் குடும்பம் புரிந்துகொள்ளும்வரை உறுப்பு தானம் என்ற சொல்லையே நீங்கள் எடுக்கவில்லை. "கால் விரல் அசைஞ்சுதே, டாக்டர்" என்று அம்மா கேட்டபோது அவசரப்படாமல் உட்கார்ந்து, அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல், மூளையிலிருந்து வந்ததல்ல என்று விளக்கினீர்கள். ராத்திரியானாலும் வந்து விசாரணையை முடித்துக்கொடுத்த போலீஸாருக்கும், தடயவியல் டாக்டர்களுக்கும் நன்றி. உங்களால்தான் உடல் வீட்டுக்குப் போவது தாமதமாகவில்லை.

குடும்பம் சரி என்று சொல்லி உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மனம் வரவில்லை என்று சொன்ன குடும்பங்களே, எங்கள் நன்றி உங்களுக்கும் அதே அளவு உண்டு. அந்தத் துக்கத்திலும் நாங்கள் சொன்னதை உட்கார்ந்து கேட்டீர்கள்.

இறுதியாகத் தியேட்டர் சிஸ்டர்களுக்கும் அட்டெண்டர் அண்ணன்களுக்கும். உறுப்புகளை எடுத்த பிறகு, தையல் நேராக வந்திருக்கிறதா என்று பார்த்து, உடலைத் துடைத்து, தலை சீவி, வீட்டிலிருந்து வந்த வேட்டியையோ சேலையையோ ஒழுங்காக உடுத்தி அனுப்பினீர்கள்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள்